கேள்வியை முதல் வரியில் எழுதுங்கள்

போன வெள்ளிக்கிழமை கடல் தாண்டி இங்கே நம் துறைமுகத்துக்குச் சென்னைக் கப்பல் வந்தது. நண்பர் காதர் மைதீன் எதிர்பார்த்திருந்த கடிதமும் வந்தது. வந்து என்ன பயன்?

காதர் சூலியா தெருவில் மசாலாக் கடை வைத்திருப்பவர். போன வருஷம் அவர் மனைவி ஆமினாவுக்குக் கண்ணில் கோளாறு. விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வண்ண வளையம் தெரியும்; ஓரப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. இங்குள்ள டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து, வேறு வழி தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பத்திரிகையில் ஒரு செய்தி. சென்னையில் ஒரு பேராசிரியர் இதே நோயை ஆராய்ந்து, ஆபரேஷனும் செய்கிறாராம். எழுதிக் கேட்டுவிடலாம் என்று காதர் உட்கார்ந்தார்.

எழுதினார்... நாலு பக்கம். முதல் பக்கம் முழுக்கப் பட்டமும் வணக்கமும். அடுத்தது, பேராசிரியரின் ஆராய்ச்சியால் உலகம் அடையும் நன்மை. பிறகு தன் குடும்ப வரலாறு. மனைவியை அழைத்து வந்தால் பலன் உண்டா என்ற கேள்வி, கடைசிப் பக்கத்தின் அடியில் மன்னிப்புகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டிருந்தது.

அதை முதலில் எழுதுங்களேன் என்றேன்.

"எடுத்த எடுப்புல கேட்டா நல்லா இருக்காது அண்ணே. படிச்ச மனுசர் லா."

பதில் வந்தது. அன்பான வார்த்தைகளுக்கு நன்றி என்று இரண்டு வரி. கூடவே அச்சடித்த கட்டுரை ஒன்று. ஆமினாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனாலும் காதருக்குப் பெருமை – கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். திரும்பவும் கேளுங்கள் என்று நச்சரித்தேன். உடனே எழுதினால் தொந்தரவு என்று நினைப்பாராம்; நோன்பு மாதம் கழியட்டும் என்றார். கழிந்தது. பெருநாளன்று ஆமினா பாயசக் கிண்ணத்தை மேசையில் வைப்பதாக நினைத்து, வெறும் காற்றில் வைத்தார்.

அதற்குப் பிறகுதான் இரண்டாவது கடிதம். யாருக்கு நோய், என்ன வைத்தியம் ஆயிற்று, அழைத்து வரலாமா – அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வந்தது அதற்கான பதில். மிச்சமிருக்கும் பார்வையைக் காப்பாற்றலாம், போன பார்வை திரும்பாது, உடனே புறப்படுங்கள் என்று எழுதியிருந்தார். முதல் கடிதத்தைக் கடைசிவரை படிக்காமல் விட்டதற்கு வருத்தமும் தெரிவித்திருந்தார்.

அது வருவதற்குள் ஆமினாவுக்குப் பகலும் இரவும் ஒன்றாகிவிட்டன.

யாரைக் குறை சொல்வது? புகழ்ச்சியைப் பாதியில் மடித்து வைத்தவரையா? படித்தவர்களிடம் ஒன்று கேட்கப் போகும்போது நாம் ஏன் இப்படிக் குனிகிறோம்? குனிகிற குனிவில் கேட்க வந்ததே வாய்க்குள் போய்விடுகிறது. நான் யார், எனக்கு என்ன தெரியவேண்டும் – இது முதலில் வரட்டும். புகழ்ந்தே தீரவேண்டுமானால் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி போதும். இதைச் சொல்லி இனி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றுகிறது...

காதர் அந்தப் பதிலை மனைவிக்கு வாசித்துக் காட்டினார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"நல்ல மனுசராத்தான் தெரியுது. நன்றி எழுதிப் போடுங்க" என்றார் ஆமினா. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"சுருக்கமா எழுதுங்க."