கொளஞ்சி நடத்திய இன்டர்நெட் கடை

குரும்பலூரில் அடுத்தவர் வயலில் நடவுக்குப் போன குடும்பத்தில் பிறந்தவள் கொளஞ்சி. பெரம்பலூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, 2006இல் லப்பைக்குடிக்காட்டில் ஒரு கூடத்தை வாடகைக்குப் பிடித்து இன்டர்நெட் கடை வைத்தாள்.

வளைகுடாவில் இருக்கும் கணவரோடும் மகனோடும் பேசத்தான் பெண்கள் அங்கே வந்தார்கள். விடுப்பில் வந்த ஆண்கள் சொந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எல்லோருக்குமாக ஒரு வயர்லெஸ் பெட்டி வாங்கி வைத்தாள். கூடம் நிறைந்தால் போதும், குரல் துண்டு துண்டாகும்.

"என்னம்மா இது, அவரு பேசுறது பாதிதான் கேக்குது," என்று கண் கலங்க எழுந்து போவார்கள். அந்த முகங்களைக் கொளஞ்சியால் பார்க்க முடியவில்லை.

ஒரு நேரத்தில் ஒருவர்தான் பெட்டியோடு பேச முடியும், மூலையில் சிக்னல் மங்கிக் கிடப்பவர் மற்ற எல்லோரையும் காக்க வைக்கிறார் என்பது அவளுக்கு மெல்லப் புரிந்தது. இரும்புப் பீரோவுக்குப் பின்னால் கிடந்த பெட்டியை எடுத்து உயரத்தில் மாட்டினாள். பெண்கள் பக்கத்துக்கு இன்னொன்று வாங்கி, இரண்டும் ஒன்றோடொன்று மோதாதபடி வெவ்வேறு அலைவரிசைச் சேனலில் வைத்தாள். அதன் பிறகு கூட்டம் வந்தாலும் கடை தாங்கியது. யாரையும் பேச்சை நிறுத்தச் சொல்லாமல் நடத்துகிறோம் என்பதில் அவளுக்கு ஒரு பெருமை.

அடுத்த ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, மதியத் தொழுகை முடிந்து கூடம் நிரம்பியிருந்தபோது, ஜுலைகா பீவி வந்தார். அவருடைய மகன் சாதிக் குவைத்தில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான்.

"டாக்டருங்க கைவிட்டுட்டாங்களாம். கூட்டாளிப் பய லேப்டாப்ப கட்டிலுக்குப் பக்கத்துல வச்சிருக்கான். எம்புள்ள மொகத்தக் காட்டும்மா."

படம் வந்தது, உறைந்தது. பெட்டிகளில் குறையில்லை. ஆனால் கூடத்திலிருந்து வெளியே போகும் டெலிபோன் லைன் ஒன்றுதான். அத்தனை பேரும் அதில் இருந்தார்கள்.

கொளஞ்சி எழுந்து நின்றாள். "எல்லாரும் கொஞ்சம் நிறுத்திக்குங்க. இவங்க மவன் சாகக் கெடக்காரு. லைன் இவங்களுக்கு வேணும்."

விசா பேப்பர் அனுப்பிக்கொண்டிருந்த காசிநாதன், "இன்னிக்கே இது போயாகணும்மா..." என்று இழுத்தார். பிறகு ஜுலைகாவைப் பார்த்தார். லேப்டாப்பை மூடினார். கணவனோடு பேசிக்கொண்டிருந்த ஒருத்தி, "வச்சிடுங்க," என்று மட்டும் சொல்லி ஹெட்போனைக் கழற்றினாள்.

படம் தெளிந்தது. தலை முழுக்கக் கட்டு, வாயில் குழாய். கண் மூடியிருந்தது.

"சாதிக்கு, அம்மா வந்திருக்கேன்டா தங்கம்," என்றார் ஜுலைகா. வேறு எதுவும் அவருக்கு வரவில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு சாகக் கிடப்பவருக்காக ஓதும் யாசீனை ஓதத் தொடங்கினார். கூடத்தில் ஒருவரும் எழுந்து போகவில்லை. ஓதி முடிக்கும்வரை லைன் அறுபடவில்லை.

சாதிக் மறுநாள் இறந்துபோனான். அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

சில வாரம் கழித்து ஜுலைகா மறுபடி வந்தார். பேச யாரும் இல்லாமல் அன்று உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நான் ஓதுனது அவனுக்குக் கேட்டிருக்குமாம்மா?"

கேட்டிருக்கும் என்ற சொல் கொளஞ்சிக்கு நாக்கு வரை வந்தது.

"அது எனக்குத் தெரியலம்மா. உங்க கொரலு கட்டில் வரைக்கும் அறுபடாமப் போச்சு. அது தெரியும்."

ஜுலைகா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கொளஞ்சி கையை எடுக்கவில்லை.