திருத்தாமல் தைத்த சட்டை

தெருவில் அவளுக்குச் சமாளி என்று பெயர். எந்தத் துணியைக் கொண்டுவந்து போட்டாலும், "வச்சிட்டுப் போங்க, சமாளிச்சிடலாம்" என்பாள். அந்த வார்த்தையே பெயராக ஒட்டிக்கொண்டது. இடுப்பு இறுக்கும் காற்சட்டையில் எங்கிருந்தோ அரை அங்குலம் கண்டுபிடிப்பாள். இஸ்திரிப்பெட்டி பட்டுப் பொசுங்கிய இடத்தில் ஒரு பாக்கெட் முளைக்கும்.

வீட்டின் முன்னறைதான் தையல் கடை. சன்னலோரம் மிஷின், சுவரோரம் வெட்டுமேசை, மேசைக்கடியில் வெட்டுத்துண்டு மூட்டை. வாங்கிய பொருள் எதையும் அவள் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனதில்லை. வாங்கிய மறுநாளே கைப்பிடி ஆடிய வாணலிக்குக் கம்பி சுற்றியிருந்தாள். "கடையில போய் மல்லுக்கட்டுற நேரத்துல நானே சரி பண்ணிடுவேன்" என்பது அவள் கணக்கு.

பக்கத்து மருத்துவமனைச் செவிலியருக்குச் சீருடை தைக்கும் வேலை கிடைத்தபோது, அவள் ஒரு செயலிக்குச் சந்தா கட்டினாள். உடலளவுகளைக் கொடுத்தால் கை, கழுத்து, முதுகு என்று ஒவ்வொரு பாகத்துக்கும் அது வடிவம் வரைந்து தரும். தாளில் அச்சிட்டு, ஒட்டி, துணிமேல் வைத்து வெட்டவேண்டியதுதான். முதலில் தைத்தவை அச்சில் வார்த்தமாதிரி பொருந்தின.

பிறகு செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. அன்றுமுதல் அக்குள் வளைவு மட்டும் ஒரு விரற்கடை குறுகி வந்தது. தாளைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாராவது இருந்தால் அன்றே கம்பெனியைக் கூப்பிட்டிருப்பார்கள். இவள் துணியில் கோடு போடும் சாக்கை எடுத்து, தாளிலேயே வளைவைக் கொஞ்சம் தாராளமாக வரைந்து வெட்டினாள். அடுத்ததையும் அப்படியே. வாரக்கணக்கில் இதே வேலையாகப் போயிற்று.

ஒரு தாளில் மறந்துவிட்டாள். அந்தச் சீருடையைப் போட்டிருந்த பெண் சலைன் பாட்டிலை மாட்டக் கையைத் தூக்கியதும், வார்டு நடுவில் அக்குள் பிளந்துகொண்டது.

தலைமைச் செவிலியே சீருடையைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "என்னக்கா இது? பாவம் அந்தப் பொண்ணு, சாயங்காலம் வரைக்கும் கையை ஒட்டி வச்சுக்கிட்டே ஊசி போட்டுச்சு. ரெடிமேடே வாங்கிடலாம்னு மேல பேச்சு வந்திருக்கு. அடுத்த பேட்ச் புள்ளைங்க சேர்றதுக்குள்ள ஒழுங்கு பண்ணுங்க. அதுக்கு மேல என்னால தாங்கிப் பேச முடியாது."

அதற்குப் பிறகுதான் சமாளி கம்பெனிக்கு ஃபோன் செய்தாள். வடிவத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். மேசையில் கிடந்த தாளைப் படமெடுத்து அனுப்பினாள். மறுநாள் ஒரு பெண் கூப்பிட்டாள்.

"வளைவு சரியாத்தான் இருக்கு மேடம். அதுவுமில்லாம, புதுப்பிப்புகளை ஏத்துக்கிறேன்னு நீங்க டிக் பண்ணியிருக்கீங்களே."

அனுப்பியது அவள் திருத்தி வெட்டிய தாள். சரியாக இல்லாமல் எப்படி இருக்கும்?

கணவர் பஸ் ஓட்டுநர். சாப்பிட்டுக்கொண்டே கேட்டவர் சிரித்தார். "பிரேக் பிடிக்காத வண்டியைக் கைப்பிரேக்குலயே ஓட்டிட்டு வந்து டிப்போவுல விடுறேன்னு வை. மெக்கானிக் என்ன சொல்வான்? வண்டிதான் வந்துடுச்சே, இன்னும் என்னம்பான்."

"உங்களுக்கு எல்லாத்துக்கும் பஸ்தான்."

"உனக்கு எல்லாத்துக்கும் சாக்குதான்."

அவர்தான் நுகர்வோர் உதவி மையத்தின் எண்ணைத் தேடிக் கொடுத்தார். அங்கே பேசிய அதிகாரி நிதானமான மனிதர்.

"டிக் பண்ணிட்டா உரிமை போயிடாதும்மா. காசு வாங்கிட்டுக் கொடுத்த ஆப், செய்யும்னு சொன்னதைச் செய்யணும். முதல்ல அவங்க சரி பண்ணித் தரட்டும். நியாயமான காலத்துக்குள்ள முடியலைன்னா பணத்தைத் திருப்பிக் கேளுங்க. ஆனா குறை இருக்கிறது அவங்களுக்குத் தெரியணும். நீங்க கை வைக்காம, அப்படியே காட்டுங்க."

கை வைக்காமல் என்பதுதான் அவளுக்குப் பெரும்பாடாய் இருந்தது. கணவருடைய அளவைச் செயலியில் கொடுத்து, வந்த தாளை வந்தபடியே துணியில் வைத்தாள். இரண்டு தடவை கை தானாகச் சாக்குக்குப் போயிற்று. மூன்றாம் தடவை, "இதைப் பிடிங்க, நான் கேட்டாலும் கொடுக்காதீங்க" என்று சாக்கு டப்பாவைக் கணவரிடம் தள்ளினாள். தெரிந்தே ஒரு மோசமான சட்டையைத் தைத்து முடித்தபோது, பாலில் தண்ணீர் கலந்தவள்போல் முகம் வாடிப்போயிருந்தது.

வீடியோ அழைப்பில் அதே பெண் வந்தாள். அளவு கொடுத்த திரை, தாள், சட்டை என்று சமாளி வரிசையாகக் காட்டினாள். பிறகு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்ற கணவர் பக்கம் திரும்பினாள்.

"கையைத் தூக்குங்க."

"தூக்கினா கிழியுமே."

"அதுக்குத்தானே தைச்சேன்! தூக்குங்க."

டர்ரென்றது. ஃபோனில் இருந்த பெண் சிரித்துவிட்டாள், உடனே பதறினாள். "மன்னிச்சிடுங்க மேடம். குறை எங்க பக்கம்தான். சரி பண்றவங்ககிட்ட உடனே அனுப்புறேன். அந்தச் சட்டையை மட்டும் அப்படியே வச்சிருங்க, மறுபடியும் கேட்டாலும் கேட்பாங்க."

சட்டை சன்னலோர ஆணியில் தொங்கியது. வருகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் கண்ணில் பட்டது. "இது யாரு தைச்சது?" என்பார்கள். "நான்தான்" என்று சொல்லி, தலையைக் குனிந்து மிஷினை மிதிப்பாள். ஒருநாள் ஊசியோடு ஆணிப்பக்கம் போனவளைக் கணவர் வாசலிலேயே மடக்கினார். "ஏய், அது சாட்சி. கை வைக்காதே."

புதிய செவிலியர் சேரும் வாரத்தில் திருத்திய செயலி வந்தது. சந்தாக் காலத்தையும் நீட்டித்திருந்தார்கள். சமாளி சாக்கு டப்பாவை மூடியபடியே வைத்து, தாளில் இருந்தபடி வெட்டித் தைத்தாள். தலைமைச் செவிலி தன் அளவில் தைத்த அந்த முதல் சீருடையைப் போட்டுக்கொண்டு, பாட்டில் மாட்டுகிறவள்போல் இரண்டு கைகளையும் உயர்த்தினாள். தையல் அசையவில்லை. குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடியும் உயர்த்தினாள்.

"சரி, புதுப் புள்ளைங்களை அளவெடுக்க அனுப்புறேன். எப்படிக்கா சமாளிச்சீங்க?"

"இதுல நான் எதையும் சமாளிக்கலை சிஸ்டர்."

அவள் படியிறங்கியதும், சமாளி ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, பிரிக்கிற கத்தரியைத் தேடினாள்.

"ரெண்டு நாள் தொங்கட்டுமே, பழகிப்போச்சு" என்றார் கணவர்.

"பேசாம இருங்க" என்றாள், முதல் தையலைப் பிரித்துக்கொண்டே.