யாரும் இழுக்காத கயிறு

செஞ்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் கோட்டை மலையைப் பார்த்துத்தான் வாயைப் பிளப்பார்கள். எனக்கு அது தினமும் கம்பெனி பஸ் ஜன்னலில் வந்து போகிற ஒரு பாறை. வெயில் நாளில் பார்த்தாலே தாகம் எடுக்கும், அவ்வளவுதான். நான் வாயைப் பிளந்து நின்றது வேறு இடத்தில். தகரக் கூரை போட்ட ஒரு ஷூ கம்பெனிக்குள், மூன்றாவது லைனின் கடைசி மேசைக்கு முன்னால். அதை நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் வெட்கமும் ரொம்ப ஆச்சரியமும் சேர்ந்தே வருகின்றன.

எங்கள் கம்பெனி திண்டிவனம் போகிற ரோட்டில் இருந்தது. முழு ஷூவும் நாங்கள் செய்வதில்லை. தோலில் மேல்பாகத்தை மட்டும் தைத்து வேறு ஊர் கம்பெனிக்கு அனுப்புவோம். அவர்கள் அதைக் கால் வடிவ அச்சில் ஏற்றி, இழுத்துப் பிடித்து, அடிப்பாகம் ஒட்டுவார்கள். மூன்றாவது லைனில் நாற்பது பெண்கள். ஒருத்தி தைத்ததை அடுத்தவள் வாங்கி அடுத்த தையலைப் போடுவாள். இப்படிக் கை மாறிக் கை மாறிக் கடைசி மேசைக்கு வரும்போதுதான் அது ஷூ என்றே தெரியும். அந்த லைனுக்குத் தரம் பார்க்கிற சூப்பர்வைசர் நான். டிப்ளமா படித்தவள், வாய் நீளம், கோபம் மூக்கு நுனியில்.

ஒரு சமயம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்து எங்களுக்கு இரண்டு நாள் வகுப்பெடுத்தார். தப்பைக் கடைசியில் தேடுவது வீண் வேலை, அது பிறக்கிற இடத்திலேயே பிடிக்க வேண்டும் என்றார். அதற்காக லைன் நெடுகிலும் தலைக்கு மேலே ஒரு பச்சைக் கயிறு கட்டச் சொன்னார். தைக்கிறவள் எவளாக இருந்தாலும் தப்பு கண்ணில் பட்டால் இழுக்கலாம். இழுத்தால் சிவப்பு விளக்கு எரியும், மொத்த லைனும் நிற்கும், சரி செய்த பிறகுதான் ஓடும். “இழுத்தவங்ககிட்ட மொதல்ல ஒரு நல்ல வார்த்தை பேசுங்க. காரணம் அப்புறம் கேட்டுக்கலாம்” என்றார். நான் அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுக்கொண்டேன்.

கயிறு கட்டிய மூன்றாம் நாளே ஒருத்தி இழுத்தாள். பனமலைப் பக்கத்திலிருந்து வருகிறவள். குதிங்கால் பக்கத் தையல் அவளுடையது. ஊசி மொண்ணையாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்றாள். எங்கள் கம்பெனியில் ஊசி மாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. பழைய ஊசியைக் கொட்டகையின் மறுகோடியில் இருக்கிற ஸ்டோருக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, கையெழுத்துப் போட்டுத்தான் புது ஊசி வாங்க வேண்டும். ஊசித் துண்டு எதுவும் ஷூவுக்குள் போய்விடக் கூடாதே என்று வைத்த விதி. அவள் போய் வரும் வரை நாற்பது மிஷினும் நின்றன. அன்றைக்கு டார்கெட் வேறு பின்தங்கியிருந்தது.

“இன்னா, இதுக்குப் போயா கயித்த இழுப்பாங்க? ஒன்னால நாப்பது பேரு சும்மா குந்திக்கினு இருக்காங்க பாரு” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். நோட்டில் போட்ட அடிக்கோடு எனக்கு ஞாபகமே வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போவதற்குள் கத்தியதும் மறந்துவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்த விளக்கு எரியவே இல்லை. மற்ற லைன்களில் எப்போதாவது எரியும், என்னுடையதில் இல்லை. என் லைனில் தப்பே நடப்பதில்லை என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்ததை இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு நாள் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். அவர் மேசைமேல் ஒரு பெட்டி நிறைய ஷூ மேல்பாகங்கள். அச்சில் ஏற்றி இழுத்தபோது குதிங்கால் தையல் விட்டுப்போய்த் திரும்பி வந்தவை. எல்லாம் மூன்றாவது லைன், எல்லாவற்றுக்கும் என் கையெழுத்து.

“வாங்குற கம்பெனிலேர்ந்து ஆள் வராரு. லைன்ல நின்னு பாப்பாராம். அவருக்குத் திருப்தி இல்லன்னா ஆர்டர் வேற எடத்துக்குப் போய்டும். மூணாவது லைன மூடிட வேண்டியதுதாம்மா” என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார். நாற்பது பேருக்கும் வேலை போய்விடும். எனக்கும்தான்.

பெட்டியைக் கீழே கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உள்ளே நாக்குப் பகுதியில் தைத்த தேதியை முத்திரை குத்துவோம். எல்லாம் ஒரே தேதி. முந்தின நாள் சரக்கில் ஒன்றுகூட இல்லை, மறுநாள் சரக்கிலும் இல்லை. சுவரில் தொங்கிய காலண்டரில் அந்தத் தேதியைத் தேடினேன். கட்டத்தில் கறுப்பு வட்டம். அமாவாசை.

அமாவாசை என்றால் மேல்மலையனூர் அம்மன் கோயில். எங்கள் பக்கத்துப் பஸ்ஸெல்லாம் அங்கேதான் போகும். வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், என் லைனில் அன்று லீவு போட்டது ஒரே ஒருத்தி. கடைசி மேசை அக்கா. நாற்பது வயது தாண்டியவள், அதிகம் பேசாதவள், முடிந்த ஷூவைத் துடைத்து எனக்குத் தள்ளுவதுதான் அவள் வேலை. அன்று அவள் இடத்தில் இரண்டாவது லைனிலிருந்து ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தோம். தப்புப் பண்ணியவள் கிடைத்துவிட்டாள் என்று அவளைப் பிடிக்க ஓடினேன்.

“நான் இன்னா மேடம் பண்ணேன்?” என்றாள் அந்தப் பெண், அழுகிற குரலில். “அங்கங்க மஞ்ச நூலு தொங்கிக்கினு இருந்துச்சு. எல்லாத்தையும் சுத்தமா வெட்டிட்டுத்தான் அனுப்பினேன்.”

நாங்கள் தைப்பது கறுப்பு ஷூ. மஞ்சள் நூலுக்கு அங்கே என்ன வேலை?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைசி மேசை அக்காவின் எதிரில் போய் உட்கார்ந்தேன். மஞ்சள் நூல் என்றதும் அவள் கையிலிருந்த சோறு அப்படியே நின்றது. பிறகு எழுந்து கை கழுவி, தன் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு மஞ்சள் நூல் கண்டு, தையல் பிரிக்கிற சின்னக் கொக்கி, வரிசையாக வெட்டி வைத்த பட்டித் துணி.

“கயித்த இழுத்தா நீங்க திட்றீங்க. இழுக்காட்டி ஷூ வீணாப் பூடும். அதான் மேடம்” என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். யாருக்காவது தன் தையல்மேல் சந்தேகம் வந்தால், நாடா கோக்கிற ஓட்டையில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டி அடுத்தவளிடம் தள்ளுவாள். ஒரு முடிச்சு என்றால் மொண்ணை ஊசி, ஓட்டை பெரிதாகிவிட்டது. இரண்டு முடிச்சு என்றால் தையல் தவறிவிட்டது. முடிச்சே இல்லாமல் கோத்துவிட்டிருந்தால் ‘எனக்கே தெரியவில்லை, நீ பார்’ என்று அர்த்தம். நடுவில் இருப்பவர்கள் யாரும் அந்த நூலைத் தொட மாட்டார்கள். கடைசி மேசைக்கு வந்ததும் அக்கா அதை மட்டும் மடியில் ஒதுக்கி, தையலைப் பிரித்து, உள்ளே தாங்கலுக்குப் பட்டி வைத்து, பக்கத்து மிஷினில் திரும்பத் தைத்து, நூலை எடுத்துவிட்டு எனக்குத் தள்ளுவாள். வேலை அதிகமான நாளில் சாப்பாட்டு நேரத்திலும் தைப்பாள். அன்று அவள் மேல்மலையனூர் போயிருந்தாள். வந்து உட்கார்ந்தவளுக்கு நூலின் அர்த்தத்தை யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் சொன்னால் அது என் காதுக்கு வந்துவிடும்.

இரண்டு மாதம். நான் பத்தடி தள்ளி நின்றிருக்கிறேன், தரம் பார்க்கிறேன் என்று சம்பளம் வாங்கிக்கொண்டு. என் கண்ணில் ஒரு நூல்கூடப் படவில்லை. வகுப்பில் படம் போட்டுக் காட்டியதை, ஒரு படமும் பார்க்காத நாற்பது பேர், ஒரு கூட்டமும் போடாமல், பேச்சே இல்லாமல், ஒரு மஞ்சள் நூலை வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள். நான் அந்த இழுப்பறையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பெல் அடித்தது, எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள், நான் அப்போதும் நின்றுகொண்டிருந்தேன்.

தப்பு தெரிந்தால் ஐந்து முறை ‘ஏன்’ கேள் என்பார்கள் எங்கள் வேலையில். வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பார்த்தேன். தையல் ஏன் விட்டது? ஊசி மொண்ணை. ஊசியை ஏன் மாற்றவில்லை? கயிற்றை இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை? பயம். ஏன் பயம்? ஐந்தாவது ஏன் வரைக்கும் போகவே வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் வேலை தொடங்குமுன் லைன் முன்னால் நின்று, அன்றைக்குக் கத்தியது என் தப்பு என்று சொன்னேன். இந்த வாயிலிருந்து அது வருவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. மேலாளரிடம் மன்றாடி, புது ஊசிப் பெட்டியை ஸ்டோரிலிருந்து என் பொறுப்புக்கு வாங்கினேன். இனி அவரவர் இடத்திலேயே பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதுசு கொடுப்பேன் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தியும் கயிற்றை இழுக்கவில்லை. மஞ்சள் நூல் வழக்கம்போலக் கடைசி மேசைக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் சொன்னதும் நம்பிவிட அவர்கள் என்ன ஏமாளிகளா?

ஆள் வருகிற நாள் தெரிந்தது. அடுத்த அமாவாசை.

“நான் இந்த மாசம் கோயிலுக்குப் போவல மேடம்” என்றாள் கடைசி மேசை அக்கா. போன அமாவாசையில் தொடங்கி ஒரு வருஷம் விடாமல் வருகிறேன் என்று ஆத்தாளுக்கு வேண்டிக்கொண்டிருந்தவள் அவள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அவள் உட்கார்ந்திருந்தால் ஒரு கெட்ட ஷூ வெளியே வராது, வருகிறவர் திருப்தியாகப் போவார், லைன் பிழைக்கும். ஆனால் அடுத்த மாதம்? அதற்கடுத்த மாதம்?

“நீ போய்ட்டு வாக்கா. நீ இல்லன்னா ஓடாதுன்னா, அது இன்னா லைனு?” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அவள் வேலையை நானே பழகிப் பார்த்தேன். ஒரே ஒரு ஷூவைப் பிரித்துத் தைப்பதற்குள் தோலைக் கிழித்துவிட்டேன். அந்தக் கை எனக்கு வராது.

அமாவாசை அன்று வாங்குகிற கம்பெனியிலிருந்து, முன்பே ஒரு தடவை வந்து போன ஆம்பூர்ப் பக்கத்து மனிதர் வந்தார். அதிகம் பேசவில்லை. கையைக் கட்டிக்கொண்டு லைனோரம் நின்றார். மேலாளர் பக்கத்தில்.

காலை வேலை பாதி ஓடியிருக்கும். பனமலைக்காரி மிஷினை நிறுத்தித் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். மடியிலிருந்து மஞ்சள் நூலை எடுத்தாள். கடைசி மேசைப் பக்கம் திரும்பினாள். அங்கே அக்கா இல்லை. நூலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். வந்திருந்தவரைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று கயிற்றை இழுத்தாள்.

விளக்கு எரிந்தது. நாற்பது மிஷினும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. தகரக் கூரையில் காக்கை நடக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவு பேரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“நல்ல வேலை பண்ண” என்றேன். ஊசிப் பெட்டியோடு போய், மொண்ணை ஊசியைக் கழற்றினேன். கழற்றிய ஊசி என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து எங்கோ போய்விட்டது.

ஊசி கிடைக்காமல் லைன் ஓடக் கூடாது. விதி விதிதான். மேலாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். யாரும் சொல்லாமலே அந்தப் பக்கத்துப் பெண்களெல்லாம் மிஷினுக்கடியில் குனிந்துவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் வந்த மனிதரும் முட்டி போட்டு, போன் வெளிச்சத்தில் தேடிக்கொண்டிருந்தார். “தோ, கீது மேடம்” என்று பெடலுக்கடியிலிருந்து பனமலைக்காரிதான் அதை எடுத்துக் கொடுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும் வந்துவிட்டது.

அன்று அந்த விளக்கு இன்னும் நாலைந்து முறை எரிந்தது. ஒருத்தி இழுத்துவிட்டாள், திட்டு விழவில்லை, மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் நான் ஓடினேன். சாயங்காலம் அந்த மனிதர் கிளம்பும்போது, “போன தடவ இங்க வந்தப்போ இந்த வெளக்குல பல்பு இருக்கான்னே சந்தேகமா இருந்திச்சு” என்றார் மேலாளரிடம். “ஆர்டர் இங்கயே ஓடட்டும்.”

மறுநாள் கடைசி மேசை அக்கா நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தாள். எனக்கும் கொஞ்சம் வைத்துவிட்டாள். கயிற்றை இழுத்தார்கள், லைனை மூடப்போவதில்லை என்று நான் அவசர அவசரமாகச் சொன்னேன். லைன் பிழைத்ததை அவள் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை.

“நேத்து மொதல்ல கயித்த இழுத்தது யாரு?”

நான் பனமலைக்காரியைக் காட்டினேன்.

“திட்னீங்களா மேடம்?”

“இல்லக்கா.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நேராக அந்தப் பெண்ணிடம் போய், அவள் காதோரம் குனிந்து கேட்டுவிட்டு வந்துதான் தன் மேசையில் உட்கார்ந்தாள்.