இரண்டாவது செல்

பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குக் கழுகு என்று பெயர். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் போதும், செல்லுக்குள் ஒரு குரோமோசோம் கூடினாலும் குறைந்தாலும் அவளிடம் தப்பாது. வீட்டுச் சாவியைத் தினமும் தேடி ஊரைக் கூட்டுவது வேறு விஷயம்.

அன்று அவள் பார்த்துக்கொண்டிருந்தது சொந்தத் தம்பியின் எலும்பு மஜ்ஜை. ரத்தச் சொந்தத்தின் ஸ்லைடைப் பார்க்கக் கூடாது என்று சீனியர் எவ்வளவோ சொன்னார். "நீங்க பக்கத்துலயே உக்காந்து சரிபாருங்க சார்" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். மாத்திரையில் அடங்கியிருந்த வெள்ளணுக்கள் மறுபடி ஏற ஆரம்பித்திருந்தன. அவன் மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று அவள் வீட்டை இரண்டாக்கிவிட்டாள்.

"சத்தியமா போடறேன்க்கா!"

"போட்டா ஏன்டா ஏறுது? யார் காதுல பூ சுத்துற?"

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

போடாமல் ஏறியிருந்தால் கவலையில்லை, மறுபடி போட்டால் அடங்கிவிடும். போட்டும் ஏறியிருந்தால்தான் வினை. புற்றுச்செல் பிரியும்போது சில சமயம் ஒரு குரோமோசோம் கூடுதலாகச் சேர்ந்துவிடும். மருந்துக்கு மற்ற செல்கள் சாக, அந்த மாதிரிச் செல் தப்பித்துத் தன் கூட்டத்தைப் பெருக்கும். பழைய மாத்திரை அதன் பக்கத்தில்கூடப் போக முடியாது.

அப்படி ஒரு செல் கண்ணில் பட்டது. சீனியரிடம் காட்டினாள்.

"ஒரு செல்லுதானேம்மா, அந்தக் கூடுதல் குரோமோசோம் பக்கத்து செல்லுலருந்து தெறிச்சு விழுந்திருக்கும்" என்றார் சீனியர். உண்மைதான். ஒரு செல்லை வைத்து யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை. அதே கூடுதல் இன்னொரு செல்லிலும் இருந்தால்தான் கணக்கு.

ஸ்லைடை நகர்த்தினாள். தன் கண் பொய்த்துப்போகட்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டாள். கடவுளே, அவன் புளுகனாக இருக்கட்டும். மாத்திரையையெல்லாம் வாஷ்பேசினில் கொட்டியிருக்கட்டும், நான் ஒரு வார்த்தை திட்டமாட்டேன்.

இரண்டாவது செல் வந்தது. அதே குரோமோசோம், அதே கூடுதல்.

சீனியர் குனிந்து, உதட்டசைத்து எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"டாக்டருக்கு உடனே சொல்லிடறேன். வேற மருந்து இருக்கும்மா. கேக்குமான்னுதான் பாக்கணும்."

வராந்தாவில் நின்று தம்பிக்குப் போன் செய்தாள்.

"நீ மாத்திரை ஒழுங்காத்தான் போட்டிருக்கடா."

"அதைத்தானேக்கா தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!" அவன் குரலில் அத்தனை சந்தோஷம். "அப்பாடா, இப்பவாவது நம்புனியே!"