பிரான்சு போகும் வண்டியில் அழகர்கோவிலுக்கு

தை மாதத்து வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்கு ஆரப்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். அழகர்கோவில் போய், மேலூர் வழியாக அன்று மாலையே திரும்பிவிட்டோம். எல்லாம் சேர்த்து நாற்பது மைல் இருக்கும். இதையும் ஒரு பிரயாணமென்று எழுத வந்துவிட்டானே என்று வாசிப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் அது பிரான்சு தேசத்தில் செய்யப்போகிற பிரயாணத்துக்கு ஒத்திகை. அந்தப் பிரயாணம் நடக்குமா, நடக்காதா என்பதும் அன்றைக்குத்தான் முடிவாக வேண்டியிருந்தது.

போகப்போவது நானல்ல, என் தங்கை பஞ்சவர்ணமும் அவள் புருஷன் சோணைமுத்துவும். மாப்பிள்ளை மதுரையில் ஜவுளி வாங்கி அனுப்பும் ஒரு பிரெஞ்சுக்காரத் துரைக்குக் கார் ஓட்டுகிறார். துரை ஊருக்கே திரும்புகிறார். அங்கேயும் நீயே வந்து ஓட்டு, மனைவியையும் அழைத்து வா என்று சொல்லிவிட்டார். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து மார்ஸேல் துறைமுகம் வரை கப்பல். துரை மார்ஸேலில் இறங்கி ரயிலில் போய்விடுவார். நாங்கள் அன்று ஏறிப்போன மோட்டார் சைக்கிள் அவருடையதுதான்; கப்பலில் கூடவே வரும் அதை மாப்பிள்ளை வடக்கே ரூவான் என்ற ஊர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வரவேண்டும். ஐந்நூற்றைம்பது மைலுக்கு மேல். பக்கத்தில் தொட்டி மாதிரி ஒட்டியிருக்கும் சைடு காரில் என் தங்கை.

எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. அவளை வளர்த்ததும் கட்டிக்கொடுத்ததும் நான். "அண்ணன் வாயால போயிட்டு வான்னு சொன்னாத்தான் கப்பல் ஏறுவேன்" என்று அவள் புருஷனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மாப்பிள்ளை தினம் சாயங்காலம் என் பலசரக்குக் கடைக்கு வந்து, அரிசி மூட்டையின் மேல் துரை கொடுத்த தேசப்படத்தை விரிப்பார். நாலு மூலைக்கும் நாலு படிக்கல் வைத்துக்கொண்டு பிரான்சு தேசத்தைப் பார்ப்போம். மார்ஸேல், அவிஞோன், லியோன், பாரிஸ், அப்புறம் ரூவான். ஆறு நாளில் போய்விடலாம் என்பார் அவர். எட்டு நாள் போடுங்கள் என்பேன் நான்.

"ராத்திரி எங்க தங்குவீங்க மாப்ள?"

"ஊருக்கு ஊரு விடுதி இருக்காம் மச்சான்."

"சாப்பாடு?"

"ரொட்டி."

"காலையில?"

"ரொட்டிதான்."

"மழை பேஞ்சா?"

"நனைஞ்ச ரொட்டி" என்பாள் தங்கை, கடை வாசலில் நின்றுகொண்டு. அவளுக்கு எல்லாம் விளையாட்டு.

எனக்கு விளையாட்டாக இல்லை. எங்கள் சித்தப்பா பினாங்குக்குப் போனவர். மூன்று வருஷத்தில் வருகிறேன் என்றுதான் அவரும் போனார். அவர் வரவேயில்லை; சித்தி காத்திருந்து காத்திருந்து கண்ணை மூடிவிட்டாள். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான். ஆகவே ஒரு நிபந்தனை போட்டேன். அழகர்மலைப் பதினெட்டாம்படிக் கருப்பர் கதவுக்கு முன்னால், மூன்று வருஷத்துக்குள் என் தங்கையைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறேன் என்று மாப்பிள்ளை எரிகிற சூடத்தைக் கையால் தட்டி அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும். செய்தால் அனுப்புகிறேன்.

"அதுக்கென்ன மச்சான், போவோம்" என்றார் அவர் உடனே. "அப்படியே நானும் வண்டிய வலப்பக்கமா ஓட்டிப் பழகிக்கிறேன். அங்க சாலையில எல்லாருமே வலப்பக்கந்தான் போகணும்."

அப்படித்தான் கிளம்பினோம். மாப்பிள்ளை ஓட்ட, நான் அவருக்குப் பின்னால் சின்ன ஆசனத்தில் உட்கார, தங்கை தொட்டிக்குள். அவள் மடியில் தேங்காய், பழம், இட்லிப் பொட்டலம். காலடியில் ஒரு டின் பெட்ரோல். மூன்று முறை உதைத்த பிறகு வண்டி உயிர் பெற்றது. மோட்டார் சைக்கிளில் ஏறாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அதன் சத்தம் காதில் கேட்பதைவிட வயிற்றில்தான் அதிகம் கேட்கும். முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே கேட்கவில்லை.

வைகைப் பாலம் தாண்டி, கோரிப்பாளையம், தல்லாகுளம் வரைக்கும் ஊர் முறைப்படி இடப்பக்கமாகவே போனோம். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். பிரெஞ்சு வண்டியாகையால் அதன் தொட்டி வலப்பக்கத்தில் இருந்தது. நாங்கள் இடது ஓரமாகப் போகப்போக, தங்கை சாலையின் நடுவில் போய்க்கொண்டிருந்தாள். எதிரே வருகிற மாடெல்லாம் அவள் முகத்துக்கு நேராக வந்தது. நான் கத்தினேன். மாப்பிள்ளைக்கு விளங்கவில்லை. அவள் பாட்டுக்கு எதிரே வந்த மாட்டுக்கெல்லாம் கையை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

மூன்றுமாவடி தாண்டி ஆள் நடமாட்டம் குறைந்ததும் மாப்பிள்ளை வலப்பக்கத்துக்கு மாறினார். இப்போது அவள் மர ஓரமாகப் போனாள். பிரான்சில் இவள் ஓரத்தில்தான் இருப்பாள் என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் அந்த மூச்சு கடச்சனேந்தல் வரைக்கும்தான். அங்கே எதிரே வைக்கோல் வண்டி ஒன்று அதன் முறைப்படி எங்கள் பக்கமாகவே வந்தது. மாப்பிள்ளை விலகவில்லை. வண்டிக்காரரும் விலகவில்லை. கடைசியில் மாடுகளே மிரண்டு நின்றன. நாங்கள் புழுதிக்குள் இறங்கி நின்றோம்.

வண்டிக்காரர் வைக்கோலுக்கு மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "ஏப்பா, கண்ணு தெரியுதா இல்லையா? இதென்ன சோத்துக்கைப் பக்கமா வாரே?"

"கோவிச்சுக்கிறாதீங்கண்ணே. பிரான்சுல இப்படித்தான் ஓட்டணும்."

"பிரான்சு எங்க இருக்கு?"

"கடலுக்கு அங்கிட்டு."

"அப்ப அங்கிட்டுப் போயி ஓட்டு. இது கடச்சனேந்தல்." பிறகு தொட்டிக்குள் பார்த்து, "ஏத்தா, நீயாச்சும் சொல்லக் கூடாதா?" என்றார்.

"சொன்னேண்ணே. எங்கண்ணனுக்குந்தான் கேக்கல, இவுகளுக்குந்தான் கேக்கல" என்றாள் அவள். வண்டிக்காரர் சிரித்துவிட்டார். மாட்டை ஒதுக்கி வழி விட்டார்.

எட்டு மணிக்கு மேல் அழகர்கோவில் சேர்ந்தோம். தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும்: பதினெட்டாம்படிக் கருப்பர் சந்நிதியில் சிலை கிடையாது. கோபுர வாசலில் சாத்தியிருக்கும் பெரிய கதவுதான் சாமி. கதவு முழுக்கச் சந்தனம். இந்தச் சுற்று வட்டாரத்தில் கோர்ட்டில் தீராத வழக்கும் அங்கே தீரும். பொய் சொல்லிச் சூடத்தை அணைத்தவன் வீட்டில் விளக்கு எரியாது என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. என் நம்பிக்கையும் அதுதான்.

காலணாவுக்குச் சூடம் வாங்கினேன். தேங்காய் உடைத்து, படிக்குக் கீழே சூடத்தை வைத்து நானே கொளுத்தினேன். எங்களுக்குப் பின்னால் மேலூர்ப் பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர், ஒரு கிடாய் களவு போன வழக்குக்காகக் காத்திருந்தார்கள்.

"சொல்லுங்க மாப்ள" என்றேன்.

மாப்பிள்ளை கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. சூடம் எரிந்துகொண்டிருந்தது.

"என்னங்க மாப்ள?"

"முடியல மச்சான்."

"எது முடியல?"

"வீட்டுலருந்து வாரப்ப அணைச்சிரலாம்னுதான் வந்தேன். இங்க வந்து நின்னா கை போகல." அவர் கதவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கூட்டியாரணும்னுதான் இருக்கேன். ஆனா மூணு வருசம்னு எப்படிச் சொல்ல? துரை விடணும். கப்பல் கெடைக்கணும். நான் உசுரோட இருக்கணும். அம்புட்டும் என் கையிலயா இருக்கு? என் கையில இல்லாததுக்கு நான் எப்படி மச்சான் கைய வைக்கிறது?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்ப எந்தங்கச்சி திரும்பி வரமாட்டாங்கிறீங்களா?"

சூடம் தானாக எரிந்து, தரையில் கறுப்பு மட்டும் மிஞ்சியது.

"மாப்ளைக்குக் கை சுட்டுரும்னு பயமாட்டம்" என்றான் பின்னால் ஒருவன். இன்னொருவர், "ஏப்பா, முடியலேன்னா தள்ளி நில்லுங்க. எங்க கெடாக் கதை இருக்கு" என்றார். தள்ளி நின்றோம். பிரான்சுப் பிரயாணம் முடிந்துபோனது என்றே நினைத்தேன். தங்கை முகத்தைப் பார்க்கப் பயந்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர்கள் சூடம் கொளுத்தினார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் நல்ல திடகாத்திரமான ஆள். வந்தான். "அந்தக் கெடாய நான் தொட்டதில்ல" என்றான். ஒரே தட்டு. சூடம் அணைந்தது. உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்து, "என்ன, போவோமா?" என்றான். கிடாயைப் பறிகொடுத்தவர் கதவைப் பார்த்துக் கும்பிட்டார்.

அவன் சொன்னது நிஜமா பொய்யா என்பது கருப்பருக்குத் தெரியும். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் கையைப் பார்த்தேன். அதில் துடைக்க ஒரு கரியும் இல்லை. அவர் நினைத்திருந்தால், அந்த ஆளைப்போல ஒரே தட்டில் என் தங்கையைக் கப்பலேற்றியிருக்கலாம். கடலுக்கு அந்தப் பக்கம் போனபின் நான் என்ன செய்துவிட முடியும்? அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் கை போகவில்லை. சித்தப்பா பினாங்குக்குப் போகும்போது எவ்வளவு சுலபமாக மூன்று வருஷம் என்று சொன்னார் என்பதும் அப்போது ஞாபகம் வந்தது.

"மாப்ள" என்றேன். "உங்க கையில என்னதான் இருக்கு? அதைச் சொல்லுங்க."

அவர் கதவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். "பொழுது சாஞ்சா வண்டிய எடுக்க மாட்டேன். இவ ஊருக்குப் போகணும்னு என்னைக்குச் சொன்னாலும் மறிக்க மாட்டேன். என்கிட்ட இருக்கிறத வித்தாச்சும் கப்பலேத்தி விடுவேன். இது என்னால ஆகும் மச்சான். இதுக்கு வேணா இன்னொரு சூடம் வாங்குங்க. அணைக்கிறேன்."

"வேண்டாம். கருப்பரும் கேட்டுட்டாரு, நானும் கேட்டுட்டேன்."

"ரெண்டு பேரும் கேட்டாச்சுல்ல?" என்றாள் பஞ்சவர்ணம். அவள் கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் பழைய குரல். "நான் திரும்பி வாரதுக்கு இவுககிட்டச் சத்தியம் கேக்குறியே அண்ணே, என்னய ஒரு வார்த்தை கேட்டியா? நான் என்ன துரை அனுப்புற ஜவுளிக் கட்டா?"

கேட்கவில்லைதான். "வருவியாத்தா?" என்றேன்.

"வராம? உன் கடையில எனக்குப் பங்கு இருக்குல்ல" என்றாள். நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் பூசாரி திரும்பிப் பார்த்தார்.

நான் கதவுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். அப்பா, இத்தனை நாள் இவளுக்கு நான் காவல், இனிமேல் நீர்தான் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். சந்தனத்தைக் கொஞ்சம் வாங்கி வண்டியின் விளக்குக்கு மேலே மாப்பிள்ளையைப் பூசச் சொன்னேன். மலையடிவாரத்து மர நிழலில் உட்கார்ந்து இட்லியைப் பிரித்தோம். இரண்டு மாதமாக எனக்குச் சாப்பாடு இறங்கியதில்லை. அன்று தங்கையின் பங்கிலும் இரண்டு இட்லி எடுத்துச் சாப்பிட்டேன்.

பதினோரு மணிக்குக் கிளம்பி மேலூர் வந்தோம். கடைவீதியில் ஒரு காப்பி கிளப்பில் ஆளுக்கு ஓர் அணாவுக்குக் காப்பி. மாப்பிள்ளை மேஜைமேல் தண்ணீரால் கோடு போட்டு, லியோனிலிருந்து பாரிஸுக்கு எந்தச் சாலை என்று காட்டினார். நான் மறுபடியும் எட்டு நாள் என்றேன். "சரி மச்சான், எட்டு" என்று இந்தத் தடவை ஒப்புக்கொண்டார். வெயில் தாழ்ந்ததும் புறப்பட்டோம்.

மேலூரிலிருந்து மதுரைக்குப் பதினெட்டு மைல், நல்ல பாதை. இரண்டு பக்கமும் புளியமரம். கதிர் முற்றிய வயல்களில் நெல் அறுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பிரான்சிலும் சாலைக்கு இருபுறமும் மரம் வரிசையாக நட்டிருப்பார்கள் என்று துரை சொன்னாராம். நல்லது என்று நினைத்துக்கொண்டேன். நிழல் உள்ள பாதையில் போகிறவர்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. எதிரே வண்டி வந்தால் மாப்பிள்ளை தூரத்திலேயே இடப்பக்கம் ஒதுங்கினார், வண்டி போனதும் வலப்பக்கம் வந்தார். எங்கள் ஊர் வண்டிக்காரர்களோடு இதைப் பழகியவருக்குப் பாரிஸ் பட்டணம் ஒன்றும் செய்யாது. வழியில் ஓரிடத்தில் நான் அவர் தோளைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு, சும்மாவே உட்கார்ந்து வந்தேன்.

வெளிச்சம் இருக்கும்போதே ஆரப்பாளையம் சேர்ந்துவிட்டோம். வண்டிச் சத்தம் கேட்டு என் மனைவி வாசலுக்கு ஓடிவந்தாள். மாப்பிள்ளையும் தங்கையும் உள்ளே போகட்டும் என்று காத்திருந்து, என்னை மட்டும் நிறுத்தினாள்.

"சத்தியம் பண்ணுனாரா?"

"பண்ணல."

அவள் முகம் விழுந்துவிட்டது. "அப்ப என்ன செய்யப் போறீக?"

"புளிக்காய்ச்சல் கிண்டுனா எம்புட்டு நாளைக்குக் கெடாம இருக்கும்?" என்று கேட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டாள். "நல்லெண்ணெய் நெறைய ஊத்திக் கிண்டுனா, கப்பலத் தாண்டியும் நிக்கும்" என்று சொல்லிவிட்டு, புளி எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க உள்ளே போனாள்.