குறட்டை நின்ற இடங்கள்

காலை ஒன்பது நாற்பது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த மருத்துவமனை வாசலில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, எதிரே பாதி உயர்ந்து நின்ற பால்கோவா கடை ஷட்டர். ஏழு வயது மகள் கடையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அன்று அவளுக்குக் குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை. விடிந்ததிலிருந்து வெறும் வயிறு.

அவளுக்குப் பிறவியிலேயே ஓர் அரிய வளர்சிதைமாற்றக் கோளாறு. ஒரு நொதி குறைவாக இருப்பதால், கரைய வேண்டிய பொருள் எலும்பிலும் தொண்டையிலும் இதயத்திலும் தேங்கும். கழுத்து குட்டை, நாக்கு தடிப்பு. அந்தக் கோப்பு என் பையில் இருந்தது. குடலிறக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நாங்களே முடிவு செய்து, யாரிடமும் காட்டவில்லை.

மயக்க மருந்து கொடுக்க வந்த பெண் மருத்துவர் அவளை வாய் திறக்கச் சொன்னார். இரண்டு விரல்கூட நுழையவில்லை.

"எப்படித் தூங்குவா?"

"நல்லா அசந்து தூங்குவா டாக்டரம்மா," என்று என் மனைவி சிரித்தாள். "எங்க வீட்டுல இவளுக்குப் பேரே ஸ்பின்னிங் மில்லுதான்!"

"போம்மா!" என்று மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் நூல் மில் தொழிலாளி, அந்த இரைச்சல்போலத்தான் அவள் குறட்டையும். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் ஒரு ஞாயிறு மதியம் அவள் குறட்டையை வீடியோ எடுத்து, சொந்தக்காரர்களுக்கு அனுப்பியிருந்தேன். அதைப் போட்டுக் காட்டினேன். மருத்துவர் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அதை மூன்று முறை போட்டுக் கேட்டார்.

"சத்தத்தைக் கேக்காதீங்க. நடுவுல சத்தம் நிக்குதுல்ல, அதைக் கேளுங்க. அப்ப இவளுக்கு மூச்சு போகல."

கோப்பை அப்போதுதான் எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு, இங்கே மயக்கம் கொடுக்க மாட்டேன், மதுரைப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள் என்றார்.

"இம்புட்டுச் சின்ன ஆபரேஷனுக்கா மதுரைக்கு அலையணும்?" எனக்குக் கோபம்.

"ஆபரேஷன் சின்னதுதான். மயக்கம் சின்னதில்ல. தூங்க வெச்ச பிறகு தொண்டை அடைச்சா, இங்க மூச்சுக்குக் குழாய் போட வழியில்ல. இவ கழுத்தெலும்புக்குப் பலமில்ல, அழுத்தி வளைக்கவும் கூடாது."

மதுரை மருத்துவர்களுக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினார். மகளுக்குப் புரிந்தது ஒன்றுதான்.

"அப்ப பால்கோவா திங்கலாமா?"

மதுரையில் மூக்கு வழியாகக் கேமரா விட்டு, பார்த்துப் பார்த்துக் குழாயை இறக்கினார்கள். அவசரத்துக்குத் தொண்டையில் துளையிட ஒரு மருத்துவர் பக்கத்திலேயே நின்றாராம். மறுநாள் எழுந்து இட்லி கேட்டாள்.

அதற்குப் பிறகு நான்கு வருடங்கள் எங்களோடு இருந்தாள். பதினோரு வயதில் இதயம் தாங்கவில்லை. அந்த நான்கு வருடங்களும் அந்த மருத்துவர் முடியாது என்று சொன்னதால் கிடைத்தவை. நாங்கள் அன்று நன்றிகூடச் சொல்லவில்லை.

மில்லுக்குள் இருக்கும்வரை இரைச்சலில் ஒன்றும் தெரிவதில்லை. ஷிப்ட் முடிந்து வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் அவள் சத்தம் இல்லாதது தெரிகிறது. வீடியோவை அழிக்கவில்லை, மொத்தம் ஒரு நிமிடம் பன்னிரண்டு வினாடி. மூன்று இடங்களில் குறட்டை நிற்கிறது. அந்த மூன்று இடங்களிலும் என் சிரிப்பு கேட்கிறது. கடைசியில் அவள் கண்ணைத் திறந்து, "எதுக்குப்பா சிரிக்கிற?" என்கிறாள்.