வீரபாகு செய்த ஒத்தாசை

இலஞ்சியில் தென்னை ஏறிப் பிழைத்த வீரபாகுவைப் போலப் பள்ளிக்கூடத்துக்கு ஒத்தாசையான தகப்பனைத் தென்காசித் தாலுகா முழுக்கத் தேடினாலும் பிடிக்க முடியாது. ஊரே அப்படித்தான் சொன்னது. அந்த நல்ல பெயர்தான் அவரைக் குழியில் தள்ளியது, போங்கள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம், பள்ளிக்கூடங்களைச் சீர்படுத்த ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். வசதியுள்ளவர்கள் பீரோவும் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். வீரபாகு ஓலை முடைந்து, தானே மேலேறி, மதிய உணவுக் கொட்டகைக்குக் கூரை வேய்ந்து கொடுத்தார். கூலி பேசியதற்கு, "எம் மவ படிக்கிற எடம்லா" என்று கோபித்துக்கொண்டார். மனைவி போன பிறகு அவருக்கென்று இருந்தது முத்துவடிவு ஒருத்திதான். அவளை டீச்சராக்கிப் பார்த்துவிட வேண்டும். அது ஒன்றுதான் ஆசை.

மகளைச் சேர்த்த அன்று, தலைமையாசிரியர் தாணுமாலயனிடம் எல்லாத் தகப்பன்மாரும் சொல்வதைத்தான் இவரும் சொன்னார். "சார்வாள், கண்ண மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் உரிச்சிருங்க. ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன்." மற்றவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இந்த மனுஷன் சொன்ன சொல்லில் நின்றார். வினை அங்கேதான் பிடித்தது.

முத்துவடிவு சூட்டிகையான பிள்ளை. மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது, குற்றாலத்தில் சீசன் முடிகிற சமயம், அவளுக்குக் காதில் சீழ் வடிந்தது. அருவியில் கிடந்து ஊறுகிற பிள்ளைகளுக்கு வருவதுதானே என்று வீரபாகு பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி விட்டார். சீழ் நின்றது. அதற்கப்புறம் அவள் மாறிப்போனாள். வாய்ப்பாடு கேட்டால் திருதிருவென்று விழித்தாள். சொல்வதை எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டை எட்டிப் பார்த்தாள்.

"திமிரு பிடிச்ச கழுதையால்லா இருக்கா ஒம் மவ! கூப்பிட்டாத் திரும்பக்கூட மாட்டேங்கா" என்று தாணுமாலயன் ஆளனுப்பினார். வீரபாகு மரத்திலிருந்து இறங்கி ஓடினார். வகுப்புக்குள் நுழைந்து, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, மகளின் காதையும் கன்னத்தையும் சேர்த்து விட்டார் ஓர் அறை.

"சார்வாள் கேக்குதாங்கல்லா, வாயில என்னட்டி கொழுக்கட்டையா?"

தாணுமாலயன் குளிர்ந்துபோனார். "தவப்பன்னா இப்படியில்லா இருக்கணும்" என்று மற்றப் பெற்றோரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த ஒரு புகழ்ச்சிக்கு மயங்கிப்போனார் இந்தப் பாவி. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்தால் வீட்டிலும் அடி என்று ஆயிற்று. நாளாக ஆக முத்துவடிவு அழுவதை நிறுத்திக்கொண்டாள். பிள்ளை அடங்கிவிட்டாள், திருந்துகிறாள் என்று இரண்டு பேருக்கும் சந்தோஷம். நல்ல சந்தோஷம் பட்டார்கள், கட்டையில் போக!

அடுத்த வருஷம் சுகிர்தம் டீச்சர் மாற்றலாகி வந்தார். வந்த சில நாளிலேயே அவருக்குச் சந்தேகம் தட்டியது. முத்துவடிவின் பின்னால் போய் நின்று, சாப்பாட்டுத் தட்டு ஒன்றைத் தரையில் போட்டார். வகுப்பே துள்ளி விழுந்தது. அவள் மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். "அண்ணாச்சி, பிள்ளைக்குக் காது கேக்கல. ரொம்ப நாளாவே கேட்டிருக்காது. வீட்ல நீங்க கவனிக்கலியா?"

வீரபாகு கவனிக்காமலா இருந்தார்? கூப்பிட்டு வராவிட்டால் அடித்தார். அதைத்தான் கவனிப்பு என்று நினைத்திருந்தார்.

மறுநாளே மகளைத் தென்காசி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். டாக்டர் இரண்டு காதிலும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். சீழ் உள்ளே இறங்கி அரித்துவிட்டதாம். போதாக்குறைக்குக் காதோடு அறை வேறு விழுந்திருக்கிறதாம். அன்றைக்கே கொண்டுவந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். யார் அறைந்தது என்று அவர் கேட்கவில்லை. வீரபாகு தானாகவே சொன்னார்:

"நாந்தான் ஐயா. சார்வாளும் அடிச்சாங்க. அடிக்கச் சொன்னதும் நாந்தான்."

வெளியே வேப்பமரத்தடியில் மகளை உட்காரவைத்து அவள் எதிரே மண்டியிட்டார். வாழ்க்கையில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாத மனுஷன். "ஏ தாயி, அப்பன் மாபாவிட்டி. அப்பன மன்னிச்சிரு தாயி" என்று நெஞ்சு வெடிக்கக் கத்தினார். கண் சிவந்தது, வாய் கோணியது.

முத்துவடிவு அந்த முகத்தையே பார்த்தாள். சிவந்த கண்ணுக்கும் கோணிய வாய்க்கும் அவளுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். மெல்ல எழுந்து நின்று, வலது உள்ளங்கையை விரித்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இனிமே ஒழுங்காப் படிக்கேம்ப்பா."